மூன்று முறை அவித்த கூஸ்கூஸ்: வெளிநாட்டு அடுப்பில் மொராக்கோ முறைப்படி சமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கூஸ்கூஸ் என்பது கோதுமை ரவையை உருட்டிச் செய்த சிறு மணிகளை ஆவியில் அவித்து, குழம்போடு உண்ணும் வட ஆப்பிரிக்க உணவு. ஏழு காய்கறிகளும் ஆட்டிறைச்சியும் சேர்ந்த மொராக்கோ கூஸ்கூஸை, வட ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள ஒரு சாதாரணச் சமையலறையில், 6 பேர் வயிறார உண்ணும் அளவுக்குச் செய்யும் முறை இங்கே கூறப்படுகிறது. முந்தைய இரவு கொண்டைக்கடலையை ஊறவைக்கும் நேரத்தை விட்டுவிட்டால், அடுப்பு மூட்டியது முதல் பரிமாறுவது வரை இரண்டரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அவசரமாகச் செய்ய வேண்டிய நாளுக்கு இது ஏற்ற சமையல் அல்ல.

1. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா உள்ளிட்ட மக்ரெபு நாடுகளிலிருந்து பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் கூஸ்கூஸை அங்கே கிடைத்த பொருட்களைக் கொண்டே சமைத்தன. ஊர்ப் பூசணி கிடைக்காதபோது பட்டர்நட் பூசணியைச் சேர்த்தார்கள். ஸ்மென் என்னும் உப்பிட்டுப் பழக்கிய வெண்ணெய் கிடைக்காதபோது சாதாரண வெண்ணெயைச் சேர்த்தார்கள். மொராக்கோவிலேயே காய்கள் பருவத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறுகின்றன என்பதால், இந்த மாற்றங்கள் உணவைக் கெடுப்பதில்லை.

உணவைக் கெடுக்கும் மாற்றம் வேறொன்று. கடைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குறிப்பின்படி, ஒரு கோப்பைக் கூஸ்கூஸுக்கு ஒரு கோப்பைக் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைப்பதோடு வேலையை முடித்துக்கொள்வதுதான் அது. அப்படிச் செய்தால் மணிகள் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, வெளியே குழைந்தும் உள்ளே இறுகியும் நின்றுவிடுகின்றன. பிறகு குழம்பை ஊற்றும்போது அதை வாங்கிக்கொள்ள அவற்றில் இடமிருப்பதில்லை. காய், இறைச்சி, கொழுப்பு, பாத்திரம் ஆகிய அனைத்திலும் விட்டுக்கொடுக்கலாம். மூன்று முறை அவிப்பதிலும், ஒவ்வோர் அவிப்புக்கும் இடையே கையால் நீர் தெளித்து உதிர்ப்பதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2. பாத்திரங்கள்

பிரெஞ்சுக்காரர்கள் கூஸ்கூஸியே என்று அழைக்கும் இரட்டைப் பாத்திரம் கிடைத்தால் நல்லது. கீழே குழம்பு கொதிக்கும் ஆழமான பானையும், அதன் வாயில் இறுக்கமாக அமரும் துளையிட்ட மேல் தட்டும் கொண்டது அது. மேல் தட்டை மொராக்கோவில் கஸ்காஸ் என்பார்கள். 6 பேருக்குக் கீழ்ப்பானை குறைந்தது 8 லிட்டர் கொள்ள வேண்டும். அதைவிடச் சிறியதானால் காய்கள் நிறைந்து குழம்பு மேல் தட்டைத் தொடும். தொட்ட இடத்தில் மணிகள் வேகாமல் ஊறிக் களியாகிவிடும். குழம்பின் மட்டத்துக்கும் தட்டின் அடிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி எப்போதும் இருக்கட்டும்.

பாரிசில் இருப்பவர்கள் பார்பெஸ் பகுதிப் பாத்திரக் கடைகளில் இதை எளிதாக வாங்கலாம். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் தள்ளியுள்ள லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கிய இட்லிப் பானை வீட்டில் இருந்தால் அதுவும் போதும். குழித்தட்டுகளை எடுத்துவிட்டு, துளையுள்ள தட்டையான தட்டின் மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்துப் பயன்படுத்துங்கள். இட்லிப் பானையின் அடியில் இவ்வளவு இறைச்சியும் காயும் கொள்ளாது என்பதால், குழம்பைத் தனிப் பானையில் வைத்து, இட்லிப் பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்க விடலாம். மணிகளில் குழம்பின் வாசம் சற்றுக் குறையுமே தவிர, பதத்தில் குறை இராது.

கூடவே, விளிம்பு உயர்ந்த மிக அகலமான தாம்பாளம் ஒன்று தேவை. மொராக்கோ வீடுகளில் இதற்கென்றே கஸா என்னும் அகன்ற மண் அல்லது மரத் தட்டு இருக்கும். மணிகளைப் பரப்பி உதிர்க்கப் போதிய இடம் இல்லாத கிண்ணத்தில் கட்டிகள் உடைவதே இல்லை. பழைய பருத்தித் துணியில் கிழித்த நீளமான பட்டை ஒன்றும் வேண்டும். அது எதற்கு என்பதை ஆறாம் பிரிவில் சொல்கிறேன்.

3. பொருட்கள்

நடுத்தர மணிக் கூஸ்கூஸ் 500 கிராம். மிக நுண்ணிய வகை, செஃப்பா போன்ற இனிப்பு வகைகளுக்கே உரியது; இந்தக் குழம்பில் அது கரைந்துவிடும். ரவையை வாங்கி வந்து இதேபோல அவிக்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கூஸ்கூஸ் என்பது துரும் என்னும் கடின வகைக் கோதுமையின் ரவையில் நீரும் நுண்மாவும் தெளித்து, உருட்டி, சலித்து எடுத்த மணி. உருட்டாத ரவை அதன் இடத்தில் நிற்காது. முத்துக் கூஸ்கூஸ் என்ற பெயரில் விற்கப்படும் பெரிய உருண்டைகள் வறுத்த பாஸ்தா வகை என்பதால் அவையும் வேண்டாம்.

எலும்போடு கூடிய ஆட்டுக் கழுத்து அல்லது தோள்கறி 1 கிலோ, பெரிய துண்டுகளாக. தொடைக்கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. இரண்டு மணி நேரக் கொதியில் அது நார்நாராக வறண்டுபோகும்.

உலர்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 150 கிராம், வெங்காயம் 2, பழுத்த தக்காளி 3, முட்டைக்கோஸ் கால் பங்கு, கேரட் 5, டர்னிப் 4, சிறிய சுக்கினி 4, தோலோடு மஞ்சள் பூசணி அரைக் கிலோ. டர்னிப்புக்குப் பதிலாக முள்ளங்கி போடலாம் என்று தோன்றும். அதன் காரமும் நெடியும் குழம்பு முழுவதும் பரவிவிடும் என்பதால் டர்னிப் கிடைக்காத ஊரில் அதை விட்டுவிடுவதே மேல். மொராக்கோவில் ஏழு என்ற எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. ஐந்து காயோடு சமைத்தாலும் சுவை குன்றாது.

மசாலா மிகக் குறைவு: இஞ்சித்தூள் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை குங்குமப்பூ, உப்பு, கொத்தமல்லியும் பார்ஸ்லியும் சேர்த்து நூலால் கட்டிய ஒரு கொத்து. சீரகம், பட்டை, கிராம்பு, மிளகாய்த்தூள் என்று அள்ளிப் போடும் பழக்கம் நம் கைக்கு உண்டு. இந்தக் குழம்பு தெளிவாகவும், காய்களின் இனிப்பு நாவில் தெரியும்படியும் இருக்க வேண்டும். மசாலா கூடினால் அந்த இனிப்பு மறைந்துவிடும். ரஸ் எல் ஹனூத் என்னும் கலவை மசாலா மீது வெளிநாட்டில் உள்ளவர்களுக்குப் பெரும் மோகம். அதைச் சேர்த்தே தீர விரும்பினால் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

மேலும், ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி, ஸ்மென் 2 மேசைக்கரண்டி. ஸ்மென் கிடைக்காவிட்டால் வெண்ணெயும் நெய்யும் சமமாகக் கலந்து, ஒரு சிட்டிகை உப்பிட்டுப் பயன்படுத்துங்கள். நெய் மட்டும் சேர்த்தால் வாசனை நம் ஊர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

4. முந்தைய இரவு

கொண்டைக்கடலையை மூன்று பங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். டப்பாக் கடலையைப் பயன்படுத்துவதானால், கடைசி அவிப்பின்போது மட்டும் சேருங்கள். முன்பே சேர்த்தால் கரைந்து குழம்பைக் கலக்கிவிடும்.

5. குழம்பின் அடித்தளம்

கீழ்ப்பானையில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, இறைச்சி, நறுக்கிய வெங்காயம், தோல் நீக்கிய தக்காளி, மசாலாத்தூள்கள், பாதி உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, நடுத்தரத் தீயில் 15 நிமிடம் பிரட்டுங்கள். வெங்காயத்தைப் பொன்னிறமாக்க வேண்டியதில்லை. அது கரைந்து மறைந்தால் போதும். பாதி உப்பை இப்போதைக்கு நிறுத்திவைக்கக் காரணம், இரண்டு மணி நேரம் கொதித்துக் குழம்பு வற்றும்போது உப்பு தானாகவே ஏறும் என்பதே.

பிறகு இரண்டரை லிட்டர் தண்ணீர், ஊறிய கடலை, தழைக்கொத்து, குங்குமப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மூடிவைத்து 45 நிமிடம் வேகவிடுங்கள். இந்த நேரம் முடியும்வரை எந்தக் காயும் உள்ளே போகக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடுவதுதான் புதிதாகச் செய்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். இறைச்சி வேகும்போது பூசணி கூழாகியிருக்கும்.

6. முதல் அவிப்பு

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே மணிகளைத் தாம்பாளத்தில் கொட்டி, 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இரு கைகளாலும் அள்ளி உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாகத் தேய்த்து விடுங்கள். ஒவ்வொரு மணியின் மேலும் எண்ணெய் படிவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவது தடைபடும். அடுத்து 125 மில்லி குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, விரல் நுனிகளால் பிசிற வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறிப் பழகிய கைக்கு இந்த அசைவைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அமுக்கக் கூடாது, அள்ளி உதிர்க்க வேண்டும்.

45 நிமிடம் ஆனதும் முட்டைக்கோஸைப் பெரிய துண்டுகளாகக் குழம்பில் போட்டு, அதன் மேல் துளைத்தட்டை வையுங்கள். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஆவி கசிந்தால் அது மணிகளின் ஊடாக ஏறாமல் பக்கவாட்டில் போய்விடும். அதற்குத்தான் அந்தத் துணிப்பட்டை: ஒரு கரண்டி கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, அதில் பட்டையை நனைத்துப் பிழிந்து, சேரும் இடத்தைச் சுற்றி இறுகக் கட்டுங்கள். மாவு சூட்டில் காய்ந்து இடுக்கை அடைத்துவிடும்.

மணிகளை மொத்தமாகக் கொட்டாமல் முதலில் ஒரு பங்கை மட்டும் போடுங்கள். அதன் ஊடாக ஆவி எழும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பங்கைச் சேர்க்க வேண்டும். அடியில் இருப்பவை இப்படி ஈரமாகி ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால், துளை வழியே குழம்பில் விழுவதில்லை. கடைசிப் பங்கின் மேற்பரப்பிலிருந்து ஆவி கிளம்பும் நேரத்திலிருந்து 15 நிமிடத்தைக் கணக்கிடுங்கள். தட்டை வைத்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் பாதியே வெந்திருக்கும்.

மேலே மூடி போட வேண்டாம். மூடியில் தங்கும் ஆவி நீராகி மணிகள் மேல் சொட்டி, அங்கங்கே ஈரக்கட்டிகளை உண்டாக்கும். இட்லிப் பானையில் செய்பவர்களும் மூடியைத் திறந்தே வையுங்கள்.

7. இடைவேளை, இரண்டாம் அவிப்பு

இந்தச் சமையலின் உயிர் இந்த இடைவேளையில்தான் இருக்கிறது. துணிப்பட்டையை அவிழ்த்து, மணிகளைத் தாம்பாளத்தில் கொட்டுங்கள். கை பொறுக்காத சூடாக இருக்கும் என்பதால் முதலில் மரக்கரண்டியின் முதுகால் கட்டிகளைத் தட்டி உடைத்துப் பரப்புங்கள். ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்த 250 மில்லி தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்து, சூடு தணிந்ததும் விரல்களால் உதிர்த்துவிடுங்கள். 10 நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

தெளித்த உடனே மணிகள் பளபளவென்று ஈரமாகத் தோன்றும். பத்து நிமிடம் கழித்து அந்தப் பளபளப்பு மங்கி, ஒவ்வொரு மணியும் முன்பைவிடச் சற்றுப் பருத்து, தாம்பாளத்தைச் சாய்த்தால் தனித்தனியாக உருண்டோடும். அந்த நிலைக்கு வந்த பிறகே மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். ஈரம் மேலோடு நிற்கும்போதே அவித்தால் ஆவி அந்த நீரைச் சூடாக்குவதிலேயே செலவாகி, மேற்புறம் பசையாகிவிடும். நீர் உள்ளே போன பிறகு அவித்தால், ஆவி அதை இன்னும் ஆழமாகத் தள்ளி மணியை உப்ப வைக்கும். ஒரே முறை கொதிநீர் ஊற்றுவதற்கும் மூன்று முறை அவிப்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தப் பொறுமையில் அடங்கியுள்ளது.

பெட்டிக் கூஸ்கூஸ் ஆலையிலேயே ஒரு முறை ஆவியில் வெந்து உலர்ந்ததுதானே, அதற்கும் மூன்று முறை எதற்கு என்று கேட்பார்கள். ஆலையில் நடந்தது மணி உதிராமல் இறுகுவதற்கான வேலை. மெதுவாக நீர் குடித்து உப்புவது நம் அடுப்பில்தான் நடக்க வேண்டும். மிகவும் நேரமில்லாத நாளில், விதிவிலக்காக, இரண்டு முறை அவித்து நிறுத்தலாம். அதற்கும் குறைந்தால் அதை இந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடைவேளையில் குழம்பில் கேரட்டையும் டர்னிப்பையும் நீளவாக்கில் பிளந்து சேருங்கள். பிறகு தட்டை ஏற்றி, பட்டையைக் கட்டி, ஆவி எழும்பியதிலிருந்து இன்னும் 15 நிமிடம் அவியுங்கள்.

8. மூன்றாம் அவிப்பு

மறுபடியும் கொட்டி, உடைத்து, இம்முறை 350 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். அளவைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். ஒரு மணியை எடுத்து விரல்களுக்கு இடையே நசுக்கிப் பாருங்கள்: நடுவில் வெள்ளைப் புள்ளியாக மாவு தெரிந்தால் முழு அளவும் தேவை, சீராக நசுங்கினால் 250 மில்லியோடு நிறுத்துங்கள்.

குழம்பில் இப்போது சுக்கினியும் பூசணியும் போக வேண்டும். பூசணியைத் தோலோடு பெரிய துண்டுகளாகவே போடுங்கள். தோல்தான் அதைக் கரையாமல் பிடித்து நிறுத்தும். மீதி உப்பைச் சுவை பார்த்துச் சேருங்கள். கோழிக்கறியில் செய்பவர்கள், அது முன்பே வெந்துவிடும் என்பதால் காய்கள் சேர்க்குமுன் வெளியே எடுத்துவைத்து, இந்தக் கட்டத்தில் திரும்பப் போட வேண்டும்.

20 நிமிடம் அவித்துக் கொட்டியதும், ஸ்மென்னையும் ஒரு கரண்டிக் குழம்பையும் மணிகளில் கலந்து உதிருங்கள். கொழுப்பைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம், அதன் வாசம் ஆவியோடு போய்விடாமல் தட்டிலேயே தங்க வேண்டும் என்பதே.

9. ஹரீஸா

மொராக்கோக் குழம்பில் காரம் இல்லை. பிரான்சில் தட்டின் ஓரத்தில் வைக்கும் ஹரீஸா என்னும் மிளகாய்ச் சாந்து துனீசியாவுக்கு உரியது. அங்கே அதைக் குழம்பிலேயே கரைத்துச் சமைப்பதும் உண்டு. டப்பாவில் வாங்கலாம். வீட்டில் செய்வதானால் விதை நீக்கிய 50 கிராம் காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, 4 பல் பூண்டு, கொத்தமல்லி விதையும் சீரகம் போலத் தோன்றும் கேரவே விதையும் வறுத்துப் பொடித்தது தலா 1 தேக்கரண்டி, உப்பு ஆகியவற்றோடு அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் மூடும்படி ஊற்றிவையுங்கள். கேரவே இடத்தில் சீரகம் போட்டால் வாசனை முற்றிலும் மாறிவிடும்.

10. பரிமாறுதல்: வீட்டு முறையும் பிரெஞ்சு உணவக முறையும்

வீட்டு முறையில், மணிகளை அகன்ற தட்டில் குன்றாகக் குவித்து, நடுவே குழி செய்து அதில் இறைச்சியை வைத்து, நீளக் காய்களைக் குன்றின் சரிவில் மேலிருந்து கீழாகச் சாய்த்து அடுக்கி, கடலையைத் தூவி, குழம்பைக் கரண்டி கரண்டியாக மேலே ஊற்றுவார்கள். அனைவரும் அதே தட்டில் தத்தம் பக்கத்திலிருந்து உண்பார்கள். உடன் குடிக்க ல்பென் என்னும் மோர் இருக்கும். நம் வீட்டு மோர் பச்சைமிளகாயும் பெருங்காயமும் சேராமல் அப்படியே பொருந்தும். ஊற்றும் குழம்பின் அளவில் கவனம் தேவை: தட்டின் அடியில் தேங்கக் கூடாது. மீதியைக் கிண்ணத்தில் தனியே வையுங்கள்.

பிரான்சு உணவகங்களில் மணி ஒரு பாத்திரத்திலும், குழம்பும் காயும் இன்னொன்றிலும், இறைச்சி மூன்றாவதிலும் வரும். ஒவ்வொருவரும் வெவ்வேறு இறைச்சி கேட்கும் இடத்தில், மணிகள் ஊறிப்போகாமல் நீண்ட நேரம் வைத்துப் பரிமாற இந்தப் பிரிப்பு அவசியமாகிறது. ஆட்டிறைச்சி, கோழி, மெர்கேஸ் என்னும் காரச் சாசேஜ் ஆகிய அனைத்தையும் ஒரே தட்டில் அடுக்கும் 'கூஸ்கூஸ் ரொயால்' அந்த உணவகங்களில் வளர்ந்த வழக்கம். மொராக்கோக் குடும்பம் ஒன்று வெள்ளிக்கிழமை மதியம் சமைப்பதில் அதைக் காண முடியாது. அதைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. மணி மூன்று முறை அவிந்திருந்தால் அதுவும் நல்ல உணவே. செய்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: மெர்கேஸைத் தனியாகச் சுட்டுக் கடைசியில் வைக்க வேண்டும். குழம்பில் போட்டால் அதன் சிவந்த கொழுப்பு கரைந்து, இரண்டு மணி நேர உழைப்பில் வந்த தெளிவைக் கெடுத்துவிடும்.

11. கெட்டுப்போனால் என்ன செய்வது

மணிகள் களியாகிவிட்டால் நீர் அதிகமாகியிருக்கும், அல்லது மூடி போட்டிருப்பீர்கள். தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, காற்றில் 20 நிமிடம் ஆறவிட்டு, ஒரு கரண்டி எண்ணெய் தடவி உதிர்த்து, நீர் சேர்க்காமல் 10 நிமிடம் அவித்தால் பெரும்பகுதி மீளும். கடைசி அவிப்புக்குப் பிறகும் பல்லில் நறநறவென்று பட்டால், கை நீர் தெளித்து நான்காம் முறை ஏற்றுங்கள், அதில் தவறில்லை.

அரைமணி நேரம் ஆகியும் ஆவி மேலே வரவில்லை என்றால், முதலில் துணிப்பட்டையைப் பாருங்கள், பிறகு தீயைக் கூட்டுங்கள். மின்னடுப்பில் இந்தச் சிக்கல் அதிகம்: அவிக்கும் நேரத்தில் குழம்பு துள்ளிக் கொதிக்க வேண்டும், இடைவேளையில் தணிந்திருக்க வேண்டும், ஆனால் மின்னடுப்பு சூடேறுவதும் தணிவதும் மெதுவாகவே நடக்கும். ஆகவே மணிகளை ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வெப்பத்தைக் கூட்டிவிடுங்கள். குழம்பு வற்றிவிட்டால் கொதிநீரை மட்டுமே சேர்க்க வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றினால் ஆவி நின்றுபோகும்.

12. மிச்சமானால்

குழம்பு ஊற்றாத மணிகளையும் குழம்பையும் தனித்தனியாகக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் மணிகளில் கை நீர் தெளித்து உதிர்த்து, 10 நிமிடம் அவித்தால் புதிதுபோல் எழும்பும். மைக்ரோவேவில் சூடாக்கினால் இறுகிவிடும். குழம்பு மீதமில்லாமல் மணி மட்டும் இருந்தால், அவித்துச் சூடாக எடுத்து, வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்து, வறுத்த பாதாம் தூவி உண்ணலாம்.